பங்க் ஜான்சன்: சொன்ன கதையும் வாசித்த ட்ரம்பெட்டும்

நியூ ஆர்லியன்ஸ் ட்ரம்பெட் கலைஞர் பங்க் ஜான்சனைப் பற்றி இரண்டு விதமாகப் படிக்க நேர்கிறது. ஜாஸ் இசை பிறந்த காலத்தை நேரில் கண்டு, அந்தக் காலத்து வாசிப்பைக் கடைசி வரை காப்பாற்றியவர் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள்; வயதைப் பத்தாண்டு கூட்டிச் சொல்லி ஆய்வாளர்களைத் திசைதிருப்பியவர் என்று மறுசாரார் எழுதுகிறார்கள். இவற்றில் எதை ஏற்பது, அவர் உண்மையிலேயே நல்ல கலைஞர்தானா என்பதுதான் கேள்வி. அவர் சொன்ன ஆண்டுகளை நம்ப வேண்டாம், அவர் வாசித்ததை முழுமையாக நம்பலாம் என்பது என் பதில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறியதால்தான் அவரைக் கொண்டாடியவர்களும் சரி, தூற்றியவர்களும் சரி, அவருடைய இசைத்தட்டுகளைப் பொறுமையாகக் கேட்காமலே தீர்ப்பு எழுதினார்கள் என்று நான் கருதுகிறேன்.

முதலில் வயதைப் பற்றிய விவகாரத்தைப் பார்த்துவிடலாம். தாம் 1879 டிசம்பர் 27 அன்று நியூ ஆர்லியன்ஸில் பிறந்ததாக பங்க் சொல்லி வந்தார். 1895 வாக்கிலேயே பட்டி போல்டனின் குழுவில் சேர்ந்துவிட்டதாகவும், அந்த நகரத்தில் ஜாஸை முதன்முதலில் வாசித்தவர்கள் போல்டனும் தாமும்தான் என்றும் அவர் கடிதம் எழுதினார். போல்டன் யார் என்று தெரிந்தால்தான் இந்த உரிமைகோரலின் கனம் புரியும். 1877இல் பிறந்த போல்டன், நியூ ஆர்லியன்ஸ் கறுப்பின மக்களின் நடனக் கூடங்களில், ட்ரம்பெட்டை ஒத்த வாத்தியமான கார்னெட் வாசித்துப் பெரும் புகழ் பெற்றவர். 1907இல் மனநோயாளி என்று லூயிசியானா மாநில மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசிப்பில் ஒரு விநாடிகூடப் பதிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே அவரோடு சேர்ந்து வாசித்ததாகச் சொல்லும் ஒருவர் 1930களின் இறுதியில் உயிரோடு இருக்கிறார் என்பது ஆய்வாளர்களுக்கு எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிற்கால ஆய்வுகள் பங்க் பிறந்தது 1889ஐ ஒட்டித்தான் என்று காட்டுகின்றன. அப்படியானால் 1895இல் அவருக்கு ஆறு வயது. போல்டன் வாசிப்பதை நிறுத்திய காலத்தில் பங்க் பதினாறு, பதினேழு வயதுப் பையனாக இருந்திருப்பார். போல்டனை அவர் கேட்டிருக்கலாம், எப்போதாவது ஒரு நாள் அந்த மேடையில் ஏறிக்கூட இருக்கலாம். ஆனால் கூட நின்று ஜாஸைத் தோற்றுவித்தார் என்பதற்கு இடமே இல்லை. நகர ஆவணங்களைத் துருவி 1978இல் போல்டனின் வாழ்க்கையை எழுதிய டொனால்ட் மார்க்விஸும் பங்க் சொன்ன கால வரிசையை ஏற்கவில்லை. போல்டன் குழுவின் ஒரே புகைப்படம் ஒன்று இருக்கிறது. அதிலும் பங்க் இல்லை.

ஆனால் இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. போல்டன் மருத்துவமனைக்குப் போன பிறகு அவருடைய குழு கலைந்துவிடவில்லை. டிராம்போன் கலைஞர் ஃபிராங்க் டூசன் தலைமையில் ஈகிள் பேண்ட் என்ற பெயரில் தொடர்ந்தது. அந்தக் குழுவில் பங்க் வாசித்தார் என்பதில் ஐயமில்லை. கிளாரினெட் மேதை சிட்னி பெஷே, தாம் சிறுவனாக இருந்தபோது தம்மை ஈகிள் பேண்டுக்கு அழைத்துச் சென்றவர் பங்க்தான் என்று சொல்லியிருக்கிறார். சுமார் 1910இல் எடுக்கப்பட்ட சுப்பீரியர் ஆர்க்கெஸ்ட்ரா புகைப்படத்திலும் பங்க் இளைஞராக நிற்கிறார். அந்தப் படத்தில் இருக்கும் பாஸ் கலைஞர் பில்லி மரேரோவின் மகன் லாரன்ஸ்தான், முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்து, பங்க்கின் குழுவில் பாஞ்சோ வாசித்தார். ஆக, போல்டனின் பாடல்களையும் அவற்றை வாசிக்கும் முறையையும் போல்டனோடு வாசித்தவர்களிடமிருந்தே கற்கும் வாய்ப்பு பங்க்குக்கு இருந்தது. அவர் கேட்டது இரண்டாம் கையாக வந்த மரபாக இருக்கலாம், ஆனால் ஊற்றுக்கு மிக அருகில் நின்று கேட்டது. இதை மட்டும் சொல்லியிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

லூயி ஆம்ஸ்ட்ராங்குக்குத் தாமே ஆசிரியர் என்று அவர் சொன்னதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1901இல் பிறந்த ஆம்ஸ்ட்ராங், சிறுவனாக நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் பங்க்கின் வாசிப்பைக் கேட்டவர். பங்க்கின் நாதத்தின் மேல் ஆம்ஸ்ட்ராங்குக்கு மதிப்பு உண்டு. தொடக்கத்தில் பங்க்கைப் பெருந்தன்மையோடு பாராட்டிய அவர், பின்னாளில் தமக்கு உண்மையான குரு ஜோ ஆலிவர் மட்டுமே என்று தெளிவுபடுத்தினார். ஆலிவர்தான் அவரை 1922இல் சிகாகோவுக்கு வரவழைத்துத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டவர் என்பதால், அந்தத் திருத்தம் நியாயமானதே.

ஒருவர் ஏன் இப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்பதற்கு முன், 1939இல் அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதைப் பார்க்க வேண்டும். 1915 வாக்கில் அவர் நியூ ஆர்லியன்ஸை விட்டு வெளியேறினார். மார்டி கிரா திருவிழா ஊர்வலம் ஒன்றில் வாசிக்க ஒப்புக்கொண்டுவிட்டு வராமல் போனதால், சக கலைஞர்களின் கோபத்துக்கு அஞ்சி ஊரை விட்டுப் போனார் என்று சொல்வதுண்டு. அவருடைய குடிப்பழக்கத்தை அறிந்தவர்களுக்கு அது வியப்பாக இராது. பின்னர் ஊர் ஊராகச் சுற்றும் காட்சிக் குழுக்களில் வாசித்து, 1920 வாக்கில் தெற்கு லூயிசியானாவின் நெல்லும் கரும்பும் விளையும் பகுதியில் உள்ள நியூ ஐபீரியா என்ற சிற்றூரில் தங்கினார். 1931இல் அருகிலிருந்த ரெய்ன் என்ற ஊரில், ஈவன் தாமஸ் என்ற ட்ரம்பெட் கலைஞரின் குழுவோடு ஒரு நடன விருந்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒருவன் மேடையேறித் தாமஸைக் கத்தியால் குத்திக் கொன்றான். அந்தக் களேபரத்தில் பங்க்கின் வாத்தியமும் நொறுங்கியது. அன்று அதே மேடையில் இருந்த இளம் கிளாரினெட் கலைஞரின் பெயர் ஜார்ஜ் லூயிஸ். அந்தப் பெயர் மறுபடியும் வரும்.

ட்ரம்பெட் வாசிப்பவருக்கு முன்பற்கள் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். உதடுகளை அதிரவைத்து அந்த அதிர்வைக் குழாய்க்குள் அனுப்புவதுதான் இந்த வாத்தியத்தின் இயக்கம். ஊதுவாயின் வளையம் உதட்டின் மேல் அழுந்தும்போது அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பவை முன்பற்களே. அவை போனால் உதட்டுக்கு முட்டு இல்லை, முட்டு இல்லாவிட்டால் நாதம் நிலைக்காது. 1930களின் நடுவில் பங்க்கிடம் பற்களும் இல்லை, வாத்தியமும் இல்லை. அவர் லாரி ஓட்டினார், வயல் வேலைக்குப் போனார், பொருளாதார மந்தக் காலத்து அரசுத் திட்டம் ஒன்றின் கீழ்ப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தார். நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய தென்மாநிலத்தில், ஐம்பதை நெருங்கிய ஒரு கறுப்பினக் கூலித் தொழிலாளியின் வாழ்க்கை அது.

அந்த நேரத்தில்தான் ஜாஸின் தொடக்க வரலாற்றை எழுத முனைந்த ஃபிரடெரிக் ராம்ஸி, வில்லியம் ரஸல் முதலியோர், ஆம்ஸ்ட்ராங் உள்ளிட்ட பழைய கலைஞர்களிடம் விசாரித்தபோது பங்க்கின் பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார்கள். அவர் நியூ ஐபீரியாவில் இருப்பதாக அறிந்து, அந்த ஊர் தபால் நிலைய அதிகாரியின் பொறுப்பில் ஒரு கடிதம் அனுப்பினார்கள். அது பங்க்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் எழுதிய பதில்களில், தமக்குப் பற்களும் ஒரு ட்ரம்பெட்டும் கிடைத்தால் மீண்டும் வாசிக்க முடியும் என்ற வேண்டுகோள் அடிநாதமாக ஓடியது. 1939இல் வெளிவந்த ‘ஜாஸ்மென்’ என்ற தொகுப்பு நூலில் அவர் சொன்ன வரலாறு இடம்பெற்றது.

1917இல் முதல் ஜாஸ் இசைத்தட்டை வெளியிட்டது வெள்ளையர்களின் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்பதால், இந்த இசையே வெள்ளையர் கண்டுபிடிப்பு என்று ஒரு வாதம் அந்நாளில் இருந்தது. அதை மறுக்க நேரடிச் சாட்சி ஒருவர் தேவைப்பட்டார். கேட்டவர்கள் எதைக் கேட்க விரும்பினார்கள் என்பது பங்க் போன்ற கூர்மையான மனிதருக்குப் புரியாமல் இருந்திருக்காது. வடக்கிலிருந்து எழுதும் வெள்ளைக்கார ஆய்வாளர்கள் போல்டன் காலத்து மனிதரைத் தேடுகிறார்கள். அந்த மனிதருக்குத்தான் பற்களும் வாத்தியமும் கிடைக்கும். அவர் தம்மை அந்த மனிதராக ஆக்கிக்கொண்டார். இதை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தத் தவறான ஆண்டுகளால் ஜாஸின் ஆரம்ப வரலாறு பல ஆண்டுகள் குழம்பிக் கிடந்தது. ஆனால் அவரைக் குறை சொல்பவர்கள், விரும்பிய விடையைச் சரிபார்க்காமல் அச்சேற்றியவர்களின் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜாஸ் நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின மக்களிடம் தோன்றியது என்ற முடிவோ, வேறு பல கலைஞர்களின் சாட்சியங்களாலும் ஆவணங்களாலும் உறுதிப்பட்டது. அது பங்க்கின் வார்த்தையை நம்பி நிற்கவில்லை.

பற்கள் வந்த விதம் மனத்தைத் தொடுவது. ரசிகர்கள் பணம் சேர்த்தார்கள்; பல்செட்டைச் செய்துகொடுத்தவர் சிட்னி பெஷேயின் அண்ணன் லெனார்ட் பெஷே. அவர் பல் மருத்துவர். இளமையில் டிராம்போன் வாசித்தவரும்கூட என்பதால், ஊதுவாய் எங்கே அழுந்தும் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ட்ரம்பெட்டும் வந்து சேர்ந்தது. பத்தாண்டு இடைவெளிக்குப் பின், புதுப் பற்களோடு, ஐம்பது வயதில் ஒருவர் உதட்டை மறுபடியும் பழக்குவது என்பது ஒவ்வொரு சுரமாகத் தேடிப் பிடிக்கும் வேலை.

1942 ஜூனில், நியூ ஆர்லியன்ஸில் க்ரூனெவால்ட் இசைக்கருவிக் கடையின் மேல்மாடியில், பங்க்கின் முதல் குழுப் பதிவு நடந்தது. ரெய்ன் மேடையில் இருந்த அதே ஜார்ஜ் லூயிஸ் கிளாரினெட், ஜிம் ராபின்சன் டிராம்போன், லாரன்ஸ் மரேரோ பாஞ்சோ. துறைமுகத்தில் சுமை தூக்கிக்கொண்டிருந்த லூயிஸை அன்று வெளியுலகம் அறியாது. ஒலித்தரம் மோசமான அந்தத் தட்டுகள் வெளிவந்தபோது கேட்டவர்கள் திகைத்தார்கள். 1920களில் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் பதிவான ஜாஸைத்தான் அவர்கள் பழைய ஜாஸ் என்று எண்ணியிருந்தார்கள். ஊரை விட்டுப் போகாமல் நியூ ஆர்லியன்ஸிலேயே தங்கிவிட்டவர்கள் வேறு மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. 1943இல் பங்க் சான் பிரான்சிஸ்கோ சென்றார். எழுத்தாளர் ரூடி பிளெஷ் அங்குள்ள கலை அருங்காட்சியகத்தில் ஜாஸ் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகளையொட்டி நிகழ்ந்த பயணம் அது. போல்டன் எப்படி வாசிப்பார் என்பதை அதே ஆண்டில் அவர் ரஸலுக்குச் சீட்டியடித்துக் காட்டிய பதிவும் இருக்கிறது. அது போல்டனின் அச்சு அசல் என்று சொல்ல முடியாவிட்டாலும், போல்டனைப் பற்றி நமக்கு ஒலியாகக் கிடைக்கும் மிகச் சில தடயங்களில் ஒன்று.

என் மதிப்பீட்டில் பங்க்கின் புகழ் நிற்க வேண்டிய இடம், 1944 ஜூலை இறுதியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் சான் ஹசின்டோ ஹாலில் நடந்த பதிவுகள். நியூ ஆர்லியன்ஸில் டுமேன் தெருவில் இருந்த அந்த நடனக் கூடத்துக்கு வில்லியம் ரஸல் தம் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்தார். ரஸலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்து போக முடியவில்லை. அவர் முறையாகப் பயின்ற வயலின் கலைஞர். தாள வாத்தியங்களுக்கென நவீன இசைப் படைப்புகள் எழுதியவர். ‘அமெரிக்கன் மியூசிக்’ என்ற பெயரில் தனியொருவராக ஒரு இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தி, இலாபத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இந்த முதியவர்களின் இசையைப் பதிவு செய்தார். பின்னர் 1958இல் டுலேன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் ஆவணக் காப்பகம் தொடங்கியபோது அதன் முதல் பொறுப்பாளரும் அவரே. பங்க்கின் வாய்மொழியை அவர் அளவுக்கு மேல் நம்பினார் என்பது உண்மை. அவர் இல்லாவிட்டால் பங்க்கின் வாசிப்பு நமக்கு இந்த அளவுக்குக் கிடைத்திருக்காது என்பதும் உண்மை.

அந்தப் பதிவுகளில் என்ன கேட்கிறோம்? நியூ ஆர்லியன்ஸ் மரபில் முன்வரிசை வாத்தியங்கள் மூன்றும் ஒரே நேரத்தில் வாசிக்கும். ட்ரம்பெட் மெட்டைச் சொல்லும், கிளாரினெட் அதன் மேலே கொடிபோல் சுற்றி ஓடும், டிராம்போன் கீழே நின்று சொற்றொடர்களை இணைக்கும். ஒவ்வொருவரும் கற்பனையாகவே வாசித்தாலும் ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடாமல் இருப்பதற்கு, நடுவில் நிற்கும் ட்ரம்பெட் எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு விடுகிறது என்பதே அடிப்படை. பங்க்கின் மேதைமை அங்கேதான் இருக்கிறது. அவர் மெட்டை முழுமையாக வாசிப்பதில்லை. முதல் இரண்டு சுரங்களைச் சொல்லிவிட்டு மூன்றாவதை விழுங்கிவிடுவார், அந்த இடத்தில் லூயிஸின் கிளாரினெட் எழும். தாள அடி விழும் இடத்தில் வாசிக்காமல் இம்மியளவு பிந்தி வந்து சேருவார். அந்தத் தாமதம் சோம்பலாக ஒலிக்காமல், அடுத்த அடியை நோக்கி நம்மைத் தள்ளுகிறது. மேல் ஸ்தாயிக்கு அவர் போவதே அரிது. வேகப் பாடல்களிலும் குரலை உயர்த்தாமல் பேசுகிற தொனி மாறுவதில்லை. ஆம்ஸ்ட்ராங் 1920களின் நடுவில் ட்ரம்பெட்டைத் தனி வாசிப்புக்குரிய வீர வாத்தியமாக மாற்றினார். ஜாஸின் போக்கையே அது மாற்றியது. பங்க் வாசிப்பது அந்த மாற்றத்துக்கு முந்திய கடமையை: குழுவைத் தாங்குவது, ஆடுபவர்களின் கால்களுக்கு வழிவிடுவது.

சில பதிவுகளில் பங்க் பாதிப் பாடலில் ட்ரம்பெட்டை இறக்கிவிடுகிறார் என்பதைக் கவனமாகக் கேட்பவர்கள் உணர்வார்கள். உதடு களைத்துப் போனது அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் அவர் மீண்டும் நுழையும் இடத்தைக் கவனியுங்கள். ஒரே ஒரு நீண்ட சுரத்தைச் சரியான இடத்தில் வைத்து, சிதறத் தொடங்கிய குழுவை ஒன்று சேர்த்துவிடுவார். குழுவின் டிரம்ஸ் கலைஞர் பேபி டாட்ஸ், ஆலிவரோடும் ஆம்ஸ்ட்ராங்கோடும் 1923இல் இசைத்தட்டுகளில் வாசித்தவர். பங்க்கின் ஒவ்வொரு மீள்வருகையையும் முன்கூட்டியே உணர்ந்து அதற்கு வாசல் திறந்துவிடுகிறார். மெதுவான புளூஸ் பாடல்களில் இந்தப் புரிதல் உச்சத்தைத் தொடுகிறது. இதைப் பிறந்த ஆண்டைத் திருத்தி யாரும் பெற்றுவிட முடியாது.

1945 மே மாதத்தில் நடந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பங்க்கைக் கொண்டு ஒரு பித்தளை வாத்திய ஊர்வலக் குழுவை அமைத்து, ஜார்ஜ் லூயிஸின் வீட்டுப் புறக்கடையில் ரஸல் பதிவு செய்தார். சவ அடக்க ஊர்வலங்களில் போகும்போது துயர கீதங்களையும் திரும்பும்போது துள்ளல் அணிநடைப் பாடல்களையும் வாசிக்கும் நியூ ஆர்லியன்ஸ் மரபு அதற்கு முன் முறையாகப் பதிவானதில்லை. அந்த ஊர்வல இசையை இன்று உலகம் முழுவதும் கேட்கிறோம் என்றால், அந்தப் பதிவுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு.

நியூயார்க் கட்டம் புகழ்பெற்றது. அதற்குச் சற்று முன், 1945 மார்ச்சில் சிட்னி பெஷேயோடு புளூ நோட் நிறுவனத்துக்காக வாசித்தார். பாஸ்டனில் இருவரும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சிகள் சில வாரங்களில் முறிந்தன. பெஷேயின் வாத்தியம் முன்னணியைத் தானே எடுத்துக்கொள்ளும் இயல்புடையது; பங்க் குடித்தார்; இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே மேடையில் நீடிக்க முடியவில்லை. பின்னர் 1945 செப்டம்பர் 28 அன்று, நியூயார்க்கின் செகண்ட் அவென்யூவில் இருந்த ஸ்டைவசன்ட் கேசினோவில் பங்க்கின் குழு வாசிக்கத் தொடங்கியது. லூயிஸ், ராபின்சன், மரேரோ, டாட்ஸ் ஆகியோருடன் ஆல்டன் பர்னெல் பியானோவும் ஸ்லோ டிராக் பவாஷோ பாஸும் வாசித்தார்கள். இசையமைப்பாளரும் விமர்சகருமான விர்ஜில் தாம்சன் பத்திரிகையில் பங்க்கின் நுட்பத்தைப் பாராட்டி எழுதினார். டெக்கா, விக்டர் ஆகிய பெரிய நிறுவனங்கள் இசைத்தட்டு வெளியிட்டன. அதே நகரத்தில், அதே இலையுதிர்காலத்தில்தான் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பீபாப் என்ற புதிய ஜாஸைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பத்திரிகைகள் இதைப் பழமைக்கும் புதுமைக்கும் நடக்கும் போராக ஆக்கி, பங்க்கை ஒரு பக்கத்துக்குக் கொடியாக உயர்த்தின. அந்தப் போரில் அவருக்கு அக்கறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்குச் சான்று அவருடைய கடைசிப் பதிவு. நியூயார்க் குழு 1946இல் பிரிந்தது. பங்க்குக்குத் தம் குழுவினர்மேல் நீண்ட நாள் மனக்குறை இருந்தது. குறிப்புகளைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும், அன்றைய பிரபலப் பாடல்களும் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ரசிகர்களோ அவர் 1905இல் வாசித்ததாக நம்பியவற்றை மட்டுமே கேட்க விரும்பினார்கள். 1947 டிசம்பர் கடைசி வாரத்தில், ஒரு ரசிகரின் ஏற்பாட்டில், முதன்முறையாக அவர் விருப்பப்படியே கலைஞர்களும் பாடல்களும் அமைந்தன. கிளாரினெட் கார்வின் புஷெல், டிராம்போன் எட் கஃபி, கிதார் டானி பார்க்கர், பாஸ் வெல்மன் பிராட். இவர்கள் பெரிய நடன இசைக்குழுக்களில் தேர்ந்தவர்கள். ஒருபுறம் ஸ்காட் ஜாப்ளின் காலத்து, ஜாஸுக்கு முந்திய ராக்டைம் இசையை அச்சிட்ட குறிப்புகளிலிருந்து வாசித்தார்கள். மறுபுறம் வானொலியில் ஒலித்த காதல் பாடல்களை வாசித்தார்கள். பங்க்கின் நாதம் அங்கே கனிந்து, அமைதியாக, எல்லா இடங்களிலும் சுருதி சுத்தமாக இருக்கிறது. ஒரு நடனக் குழுத் தலைவர் தம் காலத்தில் எப்படி வேலை செய்தாரோ அப்படித்தான் அவர் செய்தார்: இசையின் வகை பார்க்காமல், மக்கள் ஆட விரும்பும் எதையும் அழகாக வாசிப்பது. அவரை அருங்காட்சியகப் பொருளாக வைத்துக்கொள்ள நினைத்தவர்கள் இந்தத் தட்டுகளைப் பொருட்படுத்தாததில் வியப்பில்லை. எனக்கோ, அவரைப் பற்றிய உண்மையான வாக்குமூலம் இதுவே என்று தோன்றுகிறது. 1948இல் பக்கவாதம் தாக்கியது. 1949 ஜூலை 7 அன்று நியூ ஐபீரியாவில் இறந்தார்.

அவருக்குப் பிறகு நடந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஜார்ஜ் லூயிஸ் அந்தக் குழுவைத் தம் பெயரில் தொடர்ந்து நடத்தி, ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் கொண்டு சென்றார். 1961இல் நியூ ஆர்லியன்ஸில் பழைய பாணி ஜாஸுக்கான பிரிசர்வேஷன் ஹால் என்ற கூடம் தொடங்கியபோது அங்கே வாசித்தவர்களில் பங்க்கின் பழைய சகாக்கள் பலர் இருந்தார்கள். இங்கிலாந்தில் கென் காலியர் என்ற ட்ரம்பெட் கலைஞர், வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து அந்த வழியாக 1952இல் நியூ ஆர்லியன்ஸை அடைந்து, லூயிஸின் தோழர்களோடு வாசித்தார். விசாக் காலம் முடிந்த பின்னும் தங்கியதால் சிறையில் வைக்கப்பட்டு 1953இல் திருப்பி அனுப்பப்பட்டார். பிரிட்டனில் 1950களில் பெருகிய பழைய ஜாஸ் மறுமலர்ச்சியில் மெட்டை எளிமையாகச் சொல்லும் ட்ரம்பெட் பாணி பரவியதற்கு அவர் முக்கியக் காரணம். அது பங்க்கிடமிருந்து போன பாணிதான்.

கேட்கத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை, பெரும்பாலோர் சொல்வதற்கு நேர் மாறானது. 1942ஆம் ஆண்டுப் பதிவுகளிலிருந்து தொடங்க வேண்டாம். அவற்றின் ஒலித்தரம் காதைக் களைப்பாக்கும், பங்க்கின் உதடும் அப்போது முழுமையாகத் திரும்பியிருக்கவில்லை. முதலில் 1947ஆம் ஆண்டுப் பதிவுகளைக் கேளுங்கள். தனியொரு ட்ரம்பெட்டாக அவர் நாதம் எப்படிப்பட்டது என்று காது அறிந்துகொள்ளும். பிறகு 1944 சான் ஹசின்டோ ஹால் பதிவுகளுக்குப் போங்கள். ஒரு பாடலை மூன்று முறை கேளுங்கள்: ஒருமுறை ட்ரம்பெட்டை மட்டும், ஒருமுறை கிளாரினெட்டை மட்டும், கடைசியாக டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். பங்க் எங்கெல்லாம் வாசிக்காமல் விடுகிறார் என்பது மூன்றாவது முறையில்தான் பிடிபடும். போல்டன் சீட்டியும் 1942 தட்டுகளும் அதற்குப் பின் போதும்.